டமாஸ்கஸில் அச்சான ஏடு

அன்புள்ள மலர்,

உன் கடிதம் கிடைத்தது. தன் இனத்துக்குத் தனி நாடு வேண்டும் என்று பாடுபடுகிறவரைப் பத்திரிகையாளர் என்று சொல்லலாமா என வகுப்பில் வாதம் நடந்ததையும், நீ எந்தப் பக்கமும் பேசாமல் இருந்துவிட்டதையும் எழுதியிருந்தாய். அதற்காக வருத்தப்படாதே. அந்தக் கேள்வியைப் பொதுவில் வைத்துப் பேசினால் இரண்டு பக்கமும் கோஷம்தான் மிஞ்சும். ஒரு மனிதரையும் அவர் நடத்திய ஏட்டையும் எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால்தான் பிடி கிடைக்கும். எனக்கு அப்படிப் பிடி கொடுத்தவர் ஜெலாதெத் அலி பெதிர்கான் என்ற குர்து இனத்தவர். பெரியப்பா எழுதுவது கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், நிதானமாகப் படி.

குர்துகள் வாழும் மலைநாடு இன்று துருக்கி, ஈரான், இராக், சிரியா என நான்கு நாடுகளுக்குள் பிரிந்து கிடக்கிறது. நான்கிலும் அவர்கள் சிறுபான்மையினர். முதல் உலகப் போரில் ஒட்டோமான் பேரரசு தோற்ற பிறகு, 1920 ஆகஸ்டு 10 அன்று செவ்ர் உடன்படிக்கை கையெழுத்தானது. அதன் 62 முதல் 64 வரையான பிரிவுகள் குர்துப் பகுதிக்குத் தன்னாட்சி தருவதாகச் சொல்லின. மக்கள் விரும்பினால் ஓராண்டுக்குள் சர்வதேச சங்கத்திடம் தனி நாடு கேட்கலாம் என்றும் அவற்றில் இருந்தது. அதற்குள் துருக்கித் தேசியவாதிகளின் தலைவர் முஸ்தபா கெமால் போர்க்களத்தில் வென்றுவிட்டார். வல்லரசுகள் அவரோடு புதிதாகப் பேச உட்கார்ந்தன. 1923 ஜூலை 24 அன்று கையெழுத்தான லொசான் உடன்படிக்கையில் குர்து என்ற பெயரே இல்லை. மூன்றே ஆண்டுகளில் ஒரு நாட்டுக்கான வழி காகிதத்தில் வந்து காகிதத்திலேயே மறைந்தது. இந்த இழப்பை மனத்தில் வைத்துக்கொள். ஜெலாதெத்தின் தலைமுறை எழுதிய ஒவ்வொரு வரிக்கும் பின்னால் இது இருக்கிறது.

அவர் 1893-இல் இஸ்தான்புல்லில் பிறந்தார். தாத்தா பெதிர்கான் பேக், போதான் சிற்றரசின் கடைசி எமிர். சுல்தானை எதிர்த்து நின்று 1847-இல் சரணடைந்து கிரீட் தீவுக்கு நாடுகடத்தப்பட்டவர். ஆக, பேரன் பிறக்கும் முன்பே அந்தக் குடும்பத்துக்குச் சொந்த ஊர் பறிபோயிருந்தது. பத்திரிகையும் அந்தக் குடும்பத்துக்குப் புதிதல்ல. ஜெலாதெத்துடைய தந்தையின் சகோதரர் மிக்தாத் மித்ஹத் 1898 ஏப்ரல் 22 அன்று கெய்ரோவில் 'குர்திஸ்தான்' என்ற ஏட்டைத் தொடங்கினார். குர்து மொழியின் முதல் செய்தித்தாள் அதுதான். கெய்ரோ அப்போது பிரிட்டிஷார் பிடியில் இருந்ததால் சுல்தான் அப்துல் ஹமீதின் கை அங்கே முழுதாக எட்டவில்லை. ஆறாம் இதழிலிருந்து இன்னொரு சகோதரர் அப்துர்ரஹ்மான் பொறுப்பேற்றார். ஏடு ஜெனீவாவுக்குப் போனது, மறுபடி கெய்ரோ, பிறகு லண்டன், இங்கிலாந்தின் கடலோர ஊரான ஃபோக்ஸ்டன் என்று அலைந்து, 1902-இல் நிற்கும்வரை 31 இதழ்கள் வந்தன. குர்துகள் இன்றும் ஏப்ரல் 22-ஐத் தங்கள் பத்திரிகை நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

அந்த 'குர்திஸ்தான்' தனி நாடு கேட்கவில்லை, சீர்திருத்தம்தான் கேட்டது. ஆனாலும் உன் கேள்விக்கான முதல் விடை அங்கேதான் கிடைக்கிறது என்பேன். சுல்தான் 1891-இல் குர்துப் பழங்குடிகளைக் கொண்டு ஹமீதியே என்ற குதிரைப்படையை அமைத்திருந்தார். 1894 முதல் 1896 வரை ஆர்மீனியர்கள் ஆயிரக்கணக்கில் கொல்லப்பட்டபோது குர்து ஆயுதக் கூட்டங்களுக்கும் அதில் பங்கு இருந்தது. அப்துர்ரஹ்மான் தன் ஏட்டில் ஹமீதியே படையைச் சாடினார். ஆர்மீனியரைக் கொல்வது பாவம், சுல்தானின் வேலைக்குக் கருவியாகாதீர்கள் என்று தன் மக்களிடமே சொன்னார். பிரசாரத் துண்டறிக்கை எழுதுகிறவன் இதை எழுத மாட்டான். தன் கூட்டத்துக்குள் யாரும் கேட்க விரும்பாத செய்தியை, அந்தக் கூட்டத்தின் மொழியிலேயே அச்சிட்டு அவர்கள் கைக்கு அனுப்புகிறவனைப் பத்திரிகையாளன் என்று சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை, அவன் எந்தக் கொடியைப் பிடித்திருந்தாலும்.

இன்னொன்றையும் கவனி. அந்த ஏட்டை ஒட்டோமான் மண்ணுக்குள் கொண்டுபோவது குற்றம். ஆசிரியர் கடல் கடந்து பத்திரமாக இருந்தார், பிடிபட்டால் அடி வாங்கப் போகிறவன் வாசகன். அப்துர்ரஹ்மான் சுல்தானுக்கே பகிரங்கக் கடிதங்கள் எழுதி, ஏட்டைத் தடுக்காமல் உள்ளே விடும்படி கேட்டார். வெளிநாட்டிலிருந்து எழுதுகிற எவரும் ராத்திரி தூங்கும்முன் நினைத்துப் பார்க்க வேண்டிய விஷயம் இது. தன் வரிக்கான விலையை வேறொருவர் கொடுக்கிறார் என்று தெரிந்தால் எழுத்தில் வீறாப்பு குறையும், சரிபார்ப்பு கூடும்.

இனி ஜெலாதெத்திடம் வருகிறேன். உலகப் போரில் ஒட்டோமான் படை அதிகாரியாக இருந்தவர். 1919-இல் பிரிட்டிஷ் மேஜர் எட்வர்ட் நோயலுடன் தம்பி காம்ரானையும் கூட்டிக்கொண்டு குர்துப் பகுதிகளில் பயணம் போனார். மலாட்யா பக்கத்து மலைகளில் பழங்குடியினரிடம் பாட்டும் கதையும் கேட்டு இருவரும் எழுதிக்கொண்டார்கள். பிறகு வாசித்துச் சரிபார்த்தபோது ஜெலாதெத்துக்கு ஓர் அதிர்ச்சி. அவருக்குத் தாய்மொழி, ஆனால் அரபு எழுத்தில் எடுத்த குறிப்பில் ஒகரமா உகரமா, ஈகாரமா ஏகாரமா என்று தெரியாமல் தடுமாறினார். நோயல் உச்சரிப்பில் ஆயிரம் பிழை செய்தாலும் லத்தீன் எழுத்தில் எழுதியதை நிற்காமல் படித்தார். உயிரொலி நிறைந்த குர்து மொழிக்கு அரபு எழுத்து போதவில்லை என்று அந்த மலையில்தான் அவருக்கு உறைத்தது. பிற்காலத்தில் அவரே இதை எழுதியிருக்கிறார். அந்தப் பயணத்தை கெமாலின் ஆட்கள் பிரிட்டிஷ் சதி என்று கருதி அவர்களைப் பிடிக்கத் தேடினார்கள். அந்தச் சந்தேகத்துக்கு இடமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு வல்லரசின் அதிகாரியோடு குதிரையேறிப் போகிற தேசியவாதி அந்த நிழலைச் சுமந்துதான் ஆக வேண்டும். 1922-இல் கெமாலின் ஆட்சி இஸ்தான்புல்லை நெருங்கியதும் அவர் ஜெர்மனிக்குப் போனார். மறுபடி தான் பிறந்த ஊருக்குத் திரும்பவே இல்லை.

துருக்கிக்குள் 1925-இல் குர்துத் தலைவர் ஷேக் சயித்தின் கிளர்ச்சி எழுந்து அடக்கப்பட்டது. ஷேக்கும் அவரோடு இருந்தவர்களும் தியார்பக்கரில் தூக்கிலிடப்பட்டார்கள். தப்பி வந்தவர்கள் பிரெஞ்சுப் பொறுப்பாட்சியில் இருந்த சிரியாவிலும் லெபனானிலும் கூடினார்கள். 1927 அக்டோபரில் லெபனானின் பம்தூனில் 'கோய்பூன்' என்ற அமைப்பு உருவானது. துருக்கியிலிருந்து பிரிந்த சுதந்திர குர்திஸ்தான் அதன் வெளிப்படையான இலக்கு. முதல் தலைவர் ஜெலாதெத். ஆர்மீனியரின் தாஷ்னாக் கட்சியும் இதில் கைகோத்தது. 1915-இன் ஆர்மீனிய இனப்படுகொலைக்குப் பிறகு வெறும் பன்னிரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன என்பதை நினைத்தால், அந்தக் கைகோப்பு எவ்வளவு கனமான காரியம் என்று உனக்குப் புரியும். அப்துர்ரஹ்மான் முப்பது ஆண்டுகளுக்கு முன்பு எழுதியது வீண்போகவில்லை என்று நான் நினைத்துக்கொள்வேன். இரண்டுக்கும் நேரடித் தொடர்பு காட்ட என்னால் முடியாது, அது என் ஆசை என்றே வைத்துக்கொள்.

அராரத் மலையில் இஹ்சான் நூரி தலைமையில் கோய்பூன் நடத்திய போர் 1930-இல் தோற்றது. ஈரான் தன் பக்கமாகத் துருக்கிப் படை சுற்றி வளைக்க வழிவிட்டது. துருக்கியின் நெருக்குதலால் பிரெஞ்சு அதிகாரிகள் கோய்பூன் தலைவர்களை எல்லையிலிருந்து விலக்கி வைத்தார்கள். ஜெலாதெத் டமாஸ்கஸில் கண்காணிப்பில் இருக்க வேண்டியதாயிற்று.

இந்த இடத்தில்தான் அவர் வாழ்க்கை எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது. அதுவரை கோய்பூன் செய்த பிரசாரம் பெரும்பாலும் வெளியாரை நோக்கியது. அவருடைய அண்ணன் சுரெய்யா 1928-இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவிலிருந்து துருக்கிமீதான குர்திஸ்தானின் வழக்கை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். அந்த வேலையும் தேவைதான். ஆனால் லண்டனும் பாரிஸும் லொசானில் எடுத்த முடிவை ஒரு நூலுக்காக மாற்றிக்கொள்ளப் போவதில்லை. யாருக்காக நாடு கேட்கப்பட்டதோ அந்த மக்களில் மிகப் பெரும்பாலோருக்கு அவர்கள் மொழியில் எழுதப்பட்ட ஒரு வரியைக்கூடப் படிக்கத் தெரியாது. துருக்கியில் அப்போது அந்த மொழிக்குப் பள்ளி இல்லை, பத்திரிகை இல்லை, அது ஒரு தனி மொழி என்ற ஒப்புதலே இல்லை.

1932 மே 15 அன்று ஜெலாதெத் டமாஸ்கஸில் 'ஹாவார்' என்ற ஏட்டின் முதல் இதழைக் கொண்டுவந்தார். உதவி கேட்டு எழுப்பும் கூக்குரல் என்று அந்தப் பெயருக்குப் பொருள். முதல் இதழிலேயே, இந்த ஏடு அரசியலில் இறங்காது, அந்த வேலையை அமைப்புகள் பார்த்துக்கொள்ளட்டும், நாம் மொழியையும் கலையையும் பார்ப்போம் என்று அறிவித்தார். சுதந்திரம் கேட்ட அமைப்பின் முதல் தலைவர் இப்படி எழுதினார் என்றால் உனக்கு வியப்பாக இருக்கும். பிரெஞ்சு அனுமதி பெற வேறு வழியில்லை என்பது பாதிக் காரணம். மீதிப் பாதியை நான் வேறு விதமாகப் புரிந்துகொள்கிறேன். தோற்ற போரிலிருந்து அவர் கற்றுக்கொண்டது, படிக்கத் தெரிந்த மக்கள் இல்லாத இயக்கம் ஓர் எமிரின் குடும்பக் கோபமாகவே முடிந்துவிடும் என்பது. இதற்காக அவரைச் சமரசக்காரர் என்று சொன்னவர்கள் உண்டென்றால் அவர்களோடு நான் வாதாடத் தயார்.

ஏட்டின் உள்ளே என்ன இருந்தது என்று கேட்பாய். எழுத்துப் பாடம், இலக்கணம், பழமொழி, 'தெங்பேஜ்' எனப்படும் பாணர்கள் வாய்வழி பாடிய நெடும்பாட்டுகள், சிறுகதை, புதுக்கவிதை. சில பக்கங்கள் பிரெஞ்சிலும் வந்தன, வெளியுலகுக்கும் ஒரு ஜன்னல் வேண்டுமல்லவா. முதல் 23 இதழ்கள் அரபு, லத்தீன் என இரு எழுத்திலும் வந்தன. 24-ஆவது இதழிலிருந்து லத்தீன் மட்டும். துருக்கி 1928-இல் தன் மொழியை லத்தீன் எழுத்துக்கு மாற்றியிருந்ததால், அங்கே பள்ளி போகும் குர்துப் பிள்ளைகள் சுலபமாகப் பிடித்துக்கொள்ளும்படி தன் 31 எழுத்துகளை அதற்கு நெருக்கமாக அமைத்தார். எதிராளியின் பள்ளிக்கூடத்தையே தன் மொழிக்குப் படிக்கட்டாக்கிய கணக்கு இது. எழுத ஆள் போதாத போது தானே ஹெரெகோல் அஸீசான், பிஷாரே செக்மான், நேரெவான் என்று பல புனைபெயர்களில் எழுதிப் பக்கம் நிரப்பினார். கவிஞர் ஜெகர்குவின், ஒஸ்மான் சப்ரி, கதிரிஜான், நூரெத்தின் சாசா என்று ஒரு தலைமுறையே அங்கே எழுதிப் பழகியது. ரோஜர் லெஸ்கோ என்ற பிரெஞ்சு அறிஞர் அவரோடு சேர்ந்து உழைத்த குர்து இலக்கணம் மிகவும் தாமதமாக, 1970-இல் பாரிஸில் வெளியானது. ஜெலாதெத் 1935-இல் மணந்த ரெவ்ஷென் ஆசிரியையாக இருந்தவர். அவரும் 'ஹாவார்' பக்கங்களில் எழுதினார். குர்து மொழியில் அச்சில் எழுதிய முதல் பெண்களில் அவர் ஒருவர். ஜெலாதெத்தைப் பற்றிய கட்டுரைகள் ரெவ்ஷெனை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. நீ அப்படிச் செய்யாதே.

அரசியலை அவர் விட்டுவிடவும் இல்லை. 1933-இல் முஸ்தபா கெமாலுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். துருக்கிக் குடியரசின் பத்தாம் ஆண்டையொட்டிப் பொதுமன்னிப்பு பேசப்பட்ட சமயம் அது. மன்னிப்பைக் கெஞ்சிப் பெறுகிற தொனி அதில் இல்லை. குர்துகள் தனி இனம், அவர்களுக்குத் தனி மொழி, அதை அழிப்பதால் பிரச்சினை தீராது என்று வரிசையாக வாதம் வைத்தார். ஏட்டுக்கு ஒரு நடை, கடிதத்துக்கு வேறு நடை. எதை எங்கே சொல்ல வேண்டும் என்று தெரிந்திருந்தது.

1935-இல் 'ஹாவார்' நின்றது. பணம் இல்லை, அனுமதியும் இழுபறி. 1941-இல் மறுபடி வந்தது. அதே ஆண்டில் பிரிட்டிஷ் படைகளும் சுதந்திர பிரெஞ்சுப் படைகளும் சிரியாவைப் பிடித்தன. 1942-இல் படங்களுடன் கூடிய 'ரோனாஹி', 1943-இல் காம்ரான் பெய்ரூட்டிலிருந்து நடத்திய 'ரோஜா நூ', கூடவே பெய்ரூட் வானொலியில் குர்து ஒலிபரப்பு என்று திடீரென்று வளம் பெருகியது. காரணம் எளிது. நேச நாடுகளுக்குப் போர்ச் செய்தியைக் குர்துகளிடம் கொண்டு சேர்க்க ஏடுகள் தேவைப்பட்டன. 'ஹாவார்' தன் 57-ஆவது இதழோடு 1943 ஆகஸ்டில் முடிந்தது. 'ரோனாஹி' 1945-இல் நின்றது, 'ரோஜா நூ' 1946-இல். போர் முடிந்தது, தேவையும் முடிந்தது. வல்லரசின் நிழலில் வளரும் ஏட்டுக்கு அந்த நிழல் நகரும்போது வெயில்தான். நாடுகடந்த பத்திரிகையாளர் ஒருவரைப் பற்றி இன்று எழுதும்போதும், காகிதத்துக்கும் அலைவரிசைக்கும் யார் பணம் கொடுக்கிறார்கள் என்ற கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். கேட்பதால் அவரை அவமதித்ததாகாது. ஜெலாதெத் வாங்கிய உதவியால் அவர் அச்சிட்ட எழுத்துகள் பொய்யாகிவிடவில்லை. ஆனால் அந்த ஏடுகள் ஏன் அந்த வருடங்களில் நின்றன என்பது அந்தக் கேள்வி இல்லாமல் விளங்காது.

கடைசிக் காலத்தில் வறுமை. டமாஸ்கஸுக்கு வெளியே நிலம் பிடித்துப் பருத்தி போட்டார். 1951 ஜூலை 15 அன்று அந்த நிலத்துக் கிணற்றில் விழுந்து இறந்தார். டமாஸ்கஸின் குர்துப் பேட்டையில் அடக்கம் செய்தார்கள். சுவீடனில் நாடுகடந்து வாழ்ந்த மெஹ்மத் உசுன் 1995-இல் இவர் வாழ்வை நாவலாக எழுதினார், கிணற்றையே தலைப்பில் வைத்து.

நாடு வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அப்படியானால் அவர் பிரசாரம் தோல்விதானே என்று உன் வகுப்பில் யாராவது கேட்பார்கள். அவர்களிடம் மூன்று எழுத்துகளைப் பற்றிச் சொல். ஜெலாதெத்தின் அகரவரிசையில் இருந்து, துருக்கியின் அகரவரிசையில் இல்லாத மெய்யெழுத்துகள் க்யூ, டபிள்யூ, எக்ஸ். 1928-ஆம் ஆண்டின் எழுத்துச் சட்டத்தைக் காட்டி அவற்றைப் பயன்படுத்தியவர்கள்மீது வழக்குகள் நடந்தன. 2005-இல் சீர்த் நகரில் குர்துப் புத்தாண்டான நெவ்ரோஸ் வாழ்த்துத் தட்டிகளில் க்யூவும் டபிள்யூவும் எழுதியதற்காக 20 பேருக்குத் தலா 100 லிரா அபராதம் விதித்தது நீதிமன்றம். 2009 ஜனவரி 1 அன்று துருக்கி அரசே குர்து மொழியில் ஒரு தொலைக்காட்சி அலைவரிசையைத் தொடங்கி அதே எழுத்துகளைத் திரையில் போட்டது. குடிமக்களுக்கு அவை 2013 வரை தடை. ஒரு குடியரசு எண்பது ஆண்டுகளாக மூன்று எழுத்துகளோடு மல்லுக்கு நின்றது என்றால், டமாஸ்கஸில் ஓர் ஏட்டாசிரியர் செய்தது எத்தனை பெரிய காரியம் என்று அந்த அரசே சாட்சி சொல்கிறது. 2012-க்குப் பிறகு வடக்கு சிரியாவில் குர்துகள் தங்கள் பள்ளிகளைத் திறந்தபோது பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இந்த எழுத்துகளைத்தான்.

உள்நாட்டில் இருந்து எழுதியவர்கள் கொடுத்த விலை இதைவிடக் கொடியது. குர்து எழுத்தாளர் மூசா அன்தர் 1959-இல் தியார்பக்கர் பத்திரிகை ஒன்றில் ஒரு குர்துக் கவிதை வெளியிட்டதற்கே வழக்கைச் சந்தித்தார். 1992 செப்டம்பர் 20 அன்று அதே நகரில், எழுபது வயதைத் தாண்டியவரைச் சுட்டுக் கொன்றார்கள். நாடுகடந்தவரைப் பற்றி நீ எழுதும் கட்டுரையில் ஊரிலேயே இருந்தவருக்கும் ஒரு பத்தி ஒதுக்கு.

ஆக, வகுப்பில் அடுத்த முறை இந்தப் பேச்சு வந்தால் நான் சொல்வது இதுதான்: ஜெலாதெத் பத்திரிகையாளர், பிரசாரகர் இரண்டும். இரண்டும் ஒரே உடம்பில் இருந்ததில் எனக்குச் சங்கடம் இல்லை. பிரசாரகருக்குப் பின்தொடர ஆள் வேண்டும், 'ஹாவார்' ஆசிரியரோ தான் இல்லாமலே படிக்கவும் எழுதவும் வாதாடவும் கூடிய ஆட்களை உருவாக்கினார். அந்த வாசகன் நாளை ஜெலாதெத்தையே மறுத்து எழுதலாம், எழுதினார்கள் என்றும் சொல்லலாம். எமிர் குடும்பத்துப் பெருமையை ஏற்காத ஜெகர்குவின் போன்றவர்கள் இடதுசாரிகளாகி வேறு வழி போனார்கள். எழுதப் பழகியது அதே ஏட்டில்.

ஒரு பருவத்துக்குள் கட்டுரை கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். எழுதும்போது தாத்தா பெதிர்கான் பேக்கை வீரராக மட்டும் வரைந்துவிடாதே. 1843-இலும் 1846-இலும் ஹக்காரி மலைகளில் அசிரியக் கிறிஸ்தவர்கள் அவருடைய படைகளால் கொன்று குவிக்கப்பட்டார்கள். அந்தக் குடும்பத்தின் வரலாற்றில் அந்த ஆண்டுகளை விட்டுவிட்டு எழுதினால், மற்றவர் மறைத்ததைக் கேட்க உனக்கு உரிமை இருக்காது. அதே போல், செவ்ர் உடன்படிக்கை குர்துகளுக்கு நாடு கொடுத்தது என்று பலர் எழுதுகிறார்கள். அது நிபந்தனையோடு ஒரு வழியைத்தான் காட்டியது, 62 முதல் 64 வரையான பிரிவுகளை நீயே படித்துப் பார்த்து எழுது. பெயர்களின் உச்சரிப்பில் சந்தேகம் வந்தால் குர்மாஞ்சி என்ற குர்து வழக்கைப் பேசுகிறவர் யாரையாவது தேடிக் கேட்டுக்கொள், துருக்கி உச்சரிப்பில் எழுதிவிடாதே. முதல் வரைவை எனக்கு அனுப்பு, வெட்ட வேண்டிய இடங்களைக் குறித்துத் தருகிறேன்.

உன் அப்பாவிடம் நான் நலம் என்று சொல்.

அன்புடன்,
பெரியப்பா